நேர்ச்சை, தங்கல், விடைபெறல்: காவிரிப் படுகையில் சமயம்சார் உள ஆற்றுப்படுத்தலின் தொடக்கநிலை குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனத்துயருற்ற ஒருவர் மருத்துவமனையை நாடுவதற்கு முன்னரோ அதனோடு சேர்த்தோ கோயில், தர்கா, தேவாலயம் ஆகியவற்றை நாடுவது தமிழகத்தில் நெடுங்கால வழக்கம். காவிரிப் படுகையில் இவ்வழக்கம் சைவம், வைணவம், இசுலாம், கிறித்தவம் ஆகிய மரபுகள் அனைத்திலும் வேரூன்றியுள்ளது. இத்தகைய உதவியை ஒருவர் நாடத் தொடங்கும்போது அவருக்கும் அவ்விடத்திற்கும் இடையே உருவாகும் உடன்பாட்டின் கூறுகளை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருவிடைமருதூர், திரிபுவனம், நாகூர், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி, தஞ்சை மராட்டியர் சத்திரங்கள், குணசீலம் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. 2001ஆம் ஆண்டின் ஏர்வாடித் தீ விபத்து இவ்வுடன்பாடு சிதைந்ததன் விளைவு என்றும், இன்றைய சமயம்சார் ஆற்றுப்படுத்துநரிடம் செல்வோர் எதிர்பார்க்க வேண்டியவற்றை இம்மரபின் உள்ளிருந்தே வரையறுக்க இயலும் என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படுத்தல், நேர்ச்சை, மண்டலம், குணசீலம், நாகூர், தரங்கம்பாடி, ஏர்வாடி, மனநலச் சட்டம்.

முன்னுரை

சமயத் தலங்களில் மனநோய்க்குத் தீர்வு தேடுவது பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு வகையில் அமைகின்றன. ஒன்று, அவ்வழக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது. மற்றொன்று, தலத்தின் பெருமையைக் கூறி அங்கு நிகழ்ந்த குணப்பாடுகளைப் பட்டியலிடுவது. இவ்விரு போக்கிலும் ஓர் எளிய வினா விடுபட்டுப்போகிறது. மனம் கலங்கிய ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தலவாயிலில் வந்து நிற்கும் முதல் நாளில் என்ன நிகழ்கிறது? அவர்களிடம் கேட்கப்படுவது எது? அவர்களுக்கு உறுதியளிக்கப்படுவது எது? எவ்வளவு காலம் என்று சொல்லப்படுகிறதா? எப்போது வெளியேறலாம்?

இவ்வினாக்களுக்கான விடைகளே ஒரு தலம் ஆறுதல் தருமிடமா, அடைத்துவைக்குமிடமா என்பதைத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதனைச் சோதிக்க ஐந்து கூறுகள் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன: துன்பத்திற்குப் பெயரிடல், உடன் தங்குவோர், நாளொழுங்கு, மருத்துவத்தோடு உறவு, விடைபெறும் முறை. தொன்மங்களை நடந்த நிகழ்ச்சிகளின் பதிவாக இக்கட்டுரை கொள்ளவில்லை. துயருற்றோர் எதனை எதிர்பார்த்து வந்தனர் என்பதைக் காட்டும் சான்றாகவே அவை இங்குக் கருதப்படுகின்றன.

1. ஆற்றுப்படுத்தல் என்னும் சொல்

உளநலத் துறையில் ஆலோசனை வழங்குபவரை ஆற்றுப்படுத்துநர் என்று அழைக்கும் வழக்கம் இன்று தமிழகத்திலும் ஈழத்திலும் உண்டு. இச்சொல்லின் வேர் ஆற்றுப்படை என்னும் பழைய இலக்கிய வகையில் உள்ளது. ஆறு என்பது வழி. பரிசில் பெற்று மீளும் ஒருவன் வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனுக்குத் தான் சென்று வந்த வழியைக் கூறுவது ஆற்றுப்படையின் அமைப்பு. பத்துப்பாட்டில் உள்ள பொருநராற்றுப்படை காவிரி நாட்டுக் கரிகாலனிடம் வழிப்படுத்துகிறது. திருமுருகாற்றுப்படை முருகனின் அருளை நாடுவோரை அவன் உறையும் இடங்களுக்கு வழிப்படுத்துகிறது.

இவ்வகைமையில் இரு செய்திகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. முதலாவது, வழிகாட்டுபவன் அவ்வழியில் நடந்தவன். இரண்டாவது, வழியில் எதிர்ப்படும் நிலம், கிடைக்கும் உணவு, சென்றடைந்தால் நிகழும் வரவேற்பு ஆகியவற்றை அவன் முன்கூட்டியே சொல்கிறான். கேட்பவன் அறியாத ஒன்றனுள் தள்ளப்படுவதில்லை; எதிர்பார்க்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு தானே நடக்கிறான். ஆற்றுப்படுத்துநர் என்னும் இன்றைய பெயரைத் தாங்குவோர் இவ்விரு கடமைகளையும் அப்பெயரோடு சேர்த்தே ஏற்கின்றனர் எனலாம்.

2. சோழநாட்டுக் கோயில்களும் ஆதுலர்சாலைகளும்

கும்பகோணத்தை அடுத்த திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலோடு தொடர்புடைய வரகுணபாண்டியன் தொன்மம் தமிழ்நாட்டில் பரவலாக அறியப்பட்டது. குதிரையில் சென்ற மன்னன் வழியில் கிடந்த அந்தணர் ஒருவரை அறியாமல் மிதிக்கச் செய்துவிடுகிறான். அந்தணர் இறக்க, அப்பழி பிரமகத்தியாக அவனைப் பற்றிக்கொள்கிறது. மன்னன் திருவிடைமருதூரின் கீழைவாயில் வழியே நுழைந்தபோது பிரமகத்தி வாயிலிலேயே நின்றுவிடுகிறது. வழிபாடு முடித்த மன்னன் மேலைவாயில் வழியே வெளியேறுகிறான். வந்த வழியே திரும்பலாகாது என்ற மரபு இன்றும் அக்கோயிலில் பேசப்படுகிறது.

உளநல நோக்கில் இத்தொன்மம் கவனத்திற்குரியது. மன்னனின் துயரம் குற்றவுணர்வின் வடிவம் கொண்டது. அவன் வேண்டுமென்று செய்யாத செயலின் விளைவு அது. தொன்மம் அக்குற்றத்தை இல்லை என்று மறுக்கவுமில்லை, மன்னனையே குற்றமாக்கவுமில்லை. பழிக்கு மனிதனிலிருந்து வேறான ஓர் உருவம் தரப்படுகிறது. அதனால் அதனை ஒரு வாயிலில் நிறுத்திவிட்டு மனிதன் மற்றொரு வாயிலில் வெளியேற முடிகிறது. துன்பத்திற்குப் பெயரிடல், விடைபெறும் வழியை வகுத்தல் ஆகிய இரு கூறுகளும் கோயிலின் கட்டட அமைப்பிலேயே பொருந்தியுள்ளன.

இதற்கு அருகிலுள்ள திரிபுவனம் கம்பகரேசுவரர் கோயில் மூன்றாம் குலோத்துங்கன் (1178–1218) எடுப்பித்தது. கம்பம் என்பது நடுக்கம். இறைவன் தமிழில் நடுக்கம் தீர்த்த பெருமான் எனப்படுகிறார். பேய்ப்பற்றினால் நடுங்கிய அரசன் ஒருவனின் நடுக்கத்தைத் தீர்த்தவர் என்பது தலவழக்கு. பெருங்கோயில் ஒன்றின் மூலவர் பெயரே ஒரு நோய்க்குறியிலிருந்து அமைந்துள்ளமை இங்கு நோக்கத்தக்கது. அச்சத்தாலும் கலக்கத்தாலும் உடல் நடுங்குவோர் இத்தலத்தில் தம் துன்பத்தை விளக்கத் தேவையில்லை; இறைவன் பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது.

இதே காலப்பகுதியில் சோழநாட்டில் மருத்துவமும் கோயில் சார்ந்து வளர்ந்தது. தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகரத்தைச் சார்ந்த ஆதுலர்சாலைக்கு முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை மருத்துவக்காணியாக நிலம் அளித்தார். விக்கிரமசோழன் காலத்தைச் சேர்ந்த 1121ஆம் ஆண்டின் திருவாவடுதுறைக் கல்வெட்டு, அட்டாங்க இருதயம், சரக சங்கிதை ஆகிய மருத்துவ நூல்களைக் கற்பதைப் பற்றிப் பேசுகிறது. படுகைக்கு வெளியே திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் (1063–1070) காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையையும் அதன் மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோரின் ஊதியத்தையும் விவரிக்கிறது.

இக்கல்வெட்டுகளிலிருந்து பெறப்படும் முடிவு வரையறைக்குட்பட்டது. இவை மனநோய் மருத்துவத்திற்கான நேரடிச் சான்றுகள் அல்ல. ஆயினும் வழிபாட்டை நாடுதல் மருந்தைக் கைவிடுதலாகும் என்னும் எதிர்நிலை சோழர்காலக் கோயில் அமைப்பில் இல்லை என்பதை இவை தெளிவாக்குகின்றன. ஒரே நிறுவனத்தின் நிழலில் அருச்சகரும் மருத்துவரும் வெவ்வேறு காணி பெற்று வெவ்வேறு பணி செய்தனர். பிற்காலச் சித்த மருத்துவமும் மனநோய்களைக் கிரிகை என்னும் பெயரால் வகைப்படுத்தி, 18 வகைகளாகக் கூறி, மருந்தும் உரைத்தது.

3. நாகூர்: ஊசி தைத்த புறா

நாகூரில் அடங்கியுள்ள சாகுல் அமீது ஆண்டகை 16ஆம் நூற்றாண்டினர், 1570இல் மறைந்தவர். அவரைப் பற்றிய வழக்குகளுள் தஞ்சை நாயக்க மன்னர் அச்சுதப்பரின் நோய் பற்றியது முதன்மையானது. எந்த மருத்துவத்திற்கும் கட்டுப்படாத நோயால் மன்னர் வருந்துகிறார். அரண்மனையின் மேற்பகுதியில் உடலெங்கும் ஊசி தைக்கப்பட்ட புறா ஒன்று இருப்பதை ஆண்டகை அறிகிறார். அதனைக் கொண்டுவரச் செய்து ஊசிகளை ஒவ்வொன்றாக அகற்ற, மன்னரின் வேதனை தணிகிறது. நன்றியாக நிலம் அளிக்கப்படுகிறது. நாகூரில் நேர்ச்சையாகப் புறாக்களைப் பறக்கவிடும் வழக்கத்திற்கு இக்கதையே விளக்கமாகக் கூறப்படுகிறது.

திருவிடைமருதூர்த் தொன்மத்தோடு இதனை ஒப்பிடலாம். அங்குத் துன்பத்தின் காரணம் நோயாளியின் செயல்; இங்குப் பிறர் செய்த தீங்கு. அங்கு நோயாளி நடந்து கடக்கிறார். இங்கு மற்றொருவர் பொறுமையாக ஊசிகளை எடுக்கிறார். ஆயினும் அமைப்பு ஒன்றே: துன்பம் மனிதனுக்கு வெளியே ஒரு வடிவம் பெறுகிறது, அதன்மீது செய்யத்தக்க ஒரு செயல் உண்டு, செயல் முடிந்ததற்கு ஓர் அடையாளமும் உண்டு. பிறர்மீது பழி சுமத்த இடந்தருவது இவ்வகை விளக்கத்தின் குறை. சூனியம் வைத்தவர் யார் என்ற தேடல் அண்டை வீட்டாரையும் மருமகளையும் குற்றவாளிகளாக்கும் ஆபத்து எக்காலத்திலும் உண்டு. நாகூர்க் கதையில் ஊசி எடுப்பதற்கே முதன்மை தரப்படுவது ஆழ்ந்த நோக்குக்குரியது.

நாகூருக்குப் பல சமயத்தவரும் வருகின்றனர். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் (1739–1763) அங்குள்ள ஐந்து மினாராக்களுள் மிக உயரமான, 131 அடி கொண்ட பெரிய மினாராவைக் கட்டுவித்தார். நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் நேர்ந்துகொண்டு தங்குவதும், தர்கா குளத்தில் நீராடுவதும், முடி இறக்குவதும் வழக்கம். இத்தகைய ஆறுதலை நாடுவோரிடம் சமயமாற்றம் கேட்கப்படவில்லை. உதவி பெறுவதற்குக் கோட்பாட்டு ஒப்புதல் முன்நிபந்தனையாகாத நிலை காவிரிப் படுகையின் நீண்டகால நடைமுறை எனலாம்.

4. தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும்

1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்கள் சார்ந்திருந்த செருமானியப் பக்திநெறி தனிமனிதரின் உள்ளநிலையை உற்றுநோக்குவதில் பெருங்கவனம் செலுத்தியது. லுத்தரன் மரபில் திருவிருந்துக்கு முன் போதகரிடம் சென்று தன் நிலையை எடுத்துரைப்பது ஆன்மப் பராமரிப்பின் பகுதி. இப்பராமரிப்பு முறை தமிழ்ச் சூழலில் ஐரோப்பியர் கையில் மட்டும் இருக்கவில்லை. உபதேசியார் எனப்பட்ட தமிழர்களே ஊர் ஊராகச் சென்று வீடுகளில் அமர்ந்து கேட்டனர், பேசினர். 1733ஆம் ஆண்டு ஆரோன் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அருட்பொழிவு பெற்றார். தஞ்சையில் பணியாற்றி 1798இல் மறைந்த சுவார்ட்சு பாதிரியார் இளவரசர் சரபோசியின் காப்பாளராகவும் இருந்தார்.

இங்குப் புதிதாகத் தோன்றியது இருவர் தனித்தமர்ந்து உரையாடும் முறை. கோயிலிலும் தர்காவிலும் துன்பம் பலர் முன்னிலையில் உடலசைவாகவும் சடங்காகவும் வெளிப்பட்டது. போதகர் முன்னிலையிலும் கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்திலும் அது சொல்லாக வெளிப்பட்டது. இன்று ஆலோசனை என்று நாம் அறியும் முறைக்கு இது நெருக்கமானது. இதனோடு ஒரு கடமையும் வந்தது: கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல். கத்தோலிக்க மரபில் பாவசங்கீர்த்தன இரகசியம் மீறலாகாத விதி. மறுபுறம், சபை ஒழுங்கின் காவலரே மனத்துயரைக் கேட்பவராகவும் இருந்தமையால், ஆறுதல் தேடி வந்தவர் விசாரணைக்குள்ளாகும் வாய்ப்பும் இவ்வமைப்பில் இருந்தது. சமயம்சார் ஆற்றுப்படுத்தலில் இன்றளவும் தீராத இரட்டைப் பொறுப்புச் சிக்கல் இதுவே.

வேளாங்கண்ணி 1771இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப்பங்காயிற்று. 1962இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. அங்கு வழிபடப்படும் அன்னையின் பெயர் ஆரோக்கிய மாதா. சொல்லும் முறையும் தங்கும் முறையும் இத்தலத்தில் இணைகின்றன. நேர்ந்துகொண்டு நடந்து வருதல், தங்குதல், பாவசங்கீர்த்தனம், நன்றிக் காணிக்கை என்னும் வரிசை, காவிரிப் படுகையின் பழைய நேர்ச்சை மரபுக்கும் கத்தோலிக்க ஒழுங்குக்கும் பொதுவான வடிவமாக அமைந்துள்ளது.

5. சத்திரமும் தன்வந்திரி மகாலும்

இரண்டாம் சரபோசி (1798–1832) காலத் தஞ்சையில் இரு நிறுவனங்கள் நம் பொருளோடு தொடர்புடையன. ஒன்று, இராமேசுவரம் செல்லும் நெடுவழியில் மராட்டியர் நிறுவிய சத்திரங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இவற்றுள் புகழ்பெற்றது. வழிப்போக்கருக்கு உணவும் தங்குமிடமும் அளித்ததோடு, வழியில் நோயுற்றோருக்கு மருத்துவ உதவியும் இச்சத்திரங்களில் கிடைத்தது. மற்றொன்று, மருந்து செய்தலும் மருத்துவ ஆய்வும் நடைபெற்ற தன்வந்திரி மகால். அங்குத் திரட்டப்பட்ட முறைகள் பின்னர்ச் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் வரிசையாகச் சரசுவதி மகால் நூலகத்தால் நோய்வாரியாகப் பதிப்பிக்கப்பட்டன.

சத்திரம் தலயாத்திரையின் உறுப்பு. அங்கு நோயாளி விருந்தினராகவே ஏற்கப்பட்டார். அவரைத் தங்கவைத்தது அறக்கொடை. தங்குவதற்கு அவரிடம் கட்டணம் பெறப்படவில்லை. இவ்வேறுபாட்டின் முதன்மை பின்னர் ஏர்வாடியை நோக்கும்போது விளங்கும்.

காலனிய ஆட்சி வேறொரு மாதிரியைக் கொணர்ந்தது. சென்னையில் 1794இல் மனநோயாளர் காப்பகம் தொடங்கப்பட்டது. 1871இல் கீழ்ப்பாக்கத்துக் காப்பகம் செயற்படத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் அடைத்துவைப்பதற்கான ஆணை முறைகளை வகுத்தது. தஞ்சையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் தொலைவிலிருந்த கீழ்ப்பாக்கம் படுகையின் உழவர் குடும்பங்களுக்கு எளிதில் எட்டக்கூடியதாக இல்லை. அங்குச் சேர்க்கப்படுபவர் குடும்பத்தைப் பிரிந்தார். தலத்தில் குடும்பம் உடன் தங்கியது. நடவுக்கும் அறுவடைக்கும் இடையே நாளெண்ணி வாழும் குடும்பத்திற்கு எல்லை தெரிந்த ஒரு தங்கல், எல்லை தெரியாத ஒரு பிரிவைவிட ஏற்கத்தக்கதாக இருந்தமை இயல்பே.

6. குணசீலத்தின் ஒரு மண்டலம்

படுகையின் மேல்முனையில், திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் வடகரையில், குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் அமைந்துள்ளது. மனநலம் குன்றியோருக்கான தலமாக இது நெடுங்காலமாக அறியப்படுகிறது. இங்குள்ள முறை ஒரு மண்டலம், அதாவது 48 நாள் தங்குதல். நீராடல், வழிபாட்டில் கலந்துகொள்ளல், உச்சிக்காலத்திலும் இரவு வழிபாட்டிலும் அருச்சகர் முகத்தில் தெளிக்கும் தீர்த்தத்தைப் பெறல் ஆகியவை நாளொழுங்கு. நோயாளியோடு உறவினர் தங்குகின்றனர். கோயிலைச் சார்ந்து அரசு உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு இல்லமும் இயங்குகிறது; மனநல மருத்துவரின் கவனிப்பும் கிடைக்கிறது.

ஐந்து கூறுகளையும் இங்குப் பொருத்திப் பார்க்கலாம். துன்பத்திற்குப் பெயர் உண்டு. ஆனால் அது பழிச்சொல் அன்று. உடன் தங்குவோர் உறவினர். உறக்கம், உணவு, நீராடல், வழிபாடு ஆகியவை வரையறுக்கப்பட்ட நாளொழுங்கு உண்டு. மருத்துவத்தோடு பகை இல்லை. காலவெல்லை முதல் நாளிலேயே அறிவிக்கப்படுகிறது.

இத்தகைய தங்கலால் பயன் உண்டா என்பதை அறிவியல் முறையில் ஆராய்ந்த புகழ்பெற்ற கட்டுரை, பிரித்தானிய மருத்துவ இதழில் 2002இல் வெளிவந்தது. ரகுராம் தலைமையிலான ஆய்வாளர் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை ஆராய்ந்தனர். சராசரியாகத் தங்கிய காலம் ஏறத்தாழ ஆறு வாரம். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு காணப்பட்டது. அங்குத் தனிப்பட்ட குணப்படுத்தும் சடங்கு எதுவும் இல்லை. எளிய வேலைகளும் அமைதியான சூழலும் உறவினரின் துணையும் இருந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால் இதிலிருந்து பெரிய முடிவுகளைப் பெறுதல் தகாது. சில தீவிர மனநிலைக் கலக்கங்கள் காலப்போக்கில் தாமே தணிவதும் உண்டு. எனினும் தங்கலின் பயன் தெய்வச்செயலா என்னும் வினாவைத் தள்ளிவைத்து, பரிவான சூழலின் பயனை அளக்க முடியும் என்பதை இவ்வாய்வு காட்டியது.

குடும்பம் உடன் தங்குவதன் மதிப்பை நவீன மனநல மருத்துவமும் கண்டுணர்ந்தது. 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளோடு உறவினர்களையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தோடு சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் முறையில் வளர்ந்தது. கீழ்ப்பாக்க மாதிரி பிரித்ததைத் தல மாதிரி பிரிக்காதிருந்தது. பின்வந்த மருத்துவமும் அவ்வழியையே நாடியது.

7. ஏர்வாடி: உடன்பாட்டின் சிதைவு

2001ஆம் ஆண்டு ஆகத்து 6ஆம் நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி இயங்கிய தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளர்களால் தப்பிக்க இயலவில்லை. 28 பேர் இறந்தனர்.

இந்நிகழ்ச்சி நம்பிக்கையின் விளைவு என்று பொதுவாகப் பேசப்பட்டது. மேற்கண்ட ஐந்து கூறுகளைக் கொண்டு நோக்கினால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. காப்பகங்கள் தர்காவின் பெயரால் ஈர்க்கப்பட்டு வந்த குடும்பங்களிடம் பணம் பெற்று நோயாளியை வைத்துக்கொண்டன. உறவினர் உடன் தங்குவது கைவிடப்பட்டது. மண்டலம் போன்ற காலவெல்லை இல்லாமற்போயிற்று; உத்தரவு வரும்வரை என்னும் சொல் ஆண்டுக்கணக்கில் நீளலாயிற்று. நாளொழுங்கின் இடத்தில் சங்கிலி வந்தது. மருத்துவர் இல்லை. விடைபெறும் வழியும் இல்லை. வடிவத்தில் தலத்தங்கலாகத் தோன்றிய இது, உள்ளடக்கத்தில் காலனியக் காப்பகத்தின் அடைப்பையும் சந்தையின் கட்டணத்தையும் சேர்த்த ஒன்று. ஆயினும் சமயத் தலங்கள் இதற்குப் பொறுப்பற்றவை என்று கூறவியலாது. தம் பெயரால் தம் வாயிலருகே நடந்ததைத் தடுக்கும் அமைப்பு அவற்றிடம் இருக்கவில்லை.

உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து இதனை விசாரித்தது. 2002ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையில், சங்கிலியிடுதல் சட்டத்திற்குப் புறம்பானது என்றும், மனநோயாளர்களைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அனுப்பாமல் மருத்துவர்களிடம் அனுப்ப வேண்டும் என்றும் மக்களுக்கு அறிவுறுத்துமாறு அரசுகளைப் பணித்தது. முத்துசாமி கோயில் ஆய்வு வெளிவந்ததும் அதே ஆண்டு. ஓர் ஆண்டுக்குள் ஒரே மாநிலத்துத் தலங்களைப் பற்றி வெளிவந்த இவ்விரு ஆவணங்களும் முரண்படுவனபோல் தோன்றினும், அவை இருவேறு வகை உடன்பாடுகளைப் பற்றிப் பேசுகின்றன. ஒன்றில் நோயாளி உறவினரோடு நடமாடினார். மற்றொன்றில் கட்டப்பட்டுக் கிடந்தார்.

பின்வந்த கொள்கை இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. குசராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாத்தார் தர்காவில் 2008இல் தொடங்கிய மருந்தும் வழிபாடும் என்னும் திட்டத்தில், தர்காவிலேயே மனநல மருத்துவர் நோயாளிகளைப் பார்த்தனர். இம்முறை பின்னர் ஏர்வாடியிலும் மேற்கொள்ளப்பட்டது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எவ்வகையிலும் சங்கிலியிடுதலை 95ஆம் பிரிவில் தடைசெய்தது. மந்தணம் காக்கப்படும் உரிமையை 23ஆம் பிரிவில் உறுதிசெய்தது. மனநோயாளரைச் சேர்த்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. இச்சட்டம் மனநல வல்லுநர் பட்டியலில் சித்த மருத்துவத்தின் சிறப்பு மருத்துவப் பிரிவில் முதுநிலைப் பட்டம் பெற்றோரையும் சேர்த்துள்ளது. கிரிகை மரபுக்குச் சட்டத்தில் கிடைத்த இடமாக இதனைக் கருதலாம். அருச்சகர், போதகர், ஆலிம் ஆகியோர் இப்பட்டியலில் இல்லை. ஆகவே அவர்கள் ஆறுதல் கூறலாம், வழிகாட்டலாம். நோய் கணித்தலும் மருந்தை மாற்றுதலும் அவர்தம் பணியாகா.

8. தொடங்குவோர் எதிர்பார்க்கத் தகுவன

இவ்வரலாற்றிலிருந்து இன்றைய பயன்பாட்டிற்குரிய ஐந்து எதிர்பார்ப்புகளை வகுக்கலாம். இவை கோயில், தர்கா, தேவாலயம் சார்ந்த ஆற்றுப்படுத்துநர் எவருக்கும் பொருந்தும்.

முதலாவது, வழியை முன்கூட்டியே கூறல். எத்தனை முறை சந்திப்பது, என்ன கேட்கப்படும், வழிபாடு அதில் இடம்பெறுமா, கட்டணமோ காணிக்கையோ உண்டா என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டறியலாம். ஆற்றுப்படையின் இலக்கணம் இதுவே.

இரண்டாவது, பழி சுமத்தாத பெயரிடல். துன்பம் பாவத்தின் கூலி என்றோ நம்பிக்கைக் குறைவு என்றோ தொடங்கும் உதவி, திருவிடைமருதூரின் கீழைவாயிலிலேயே மனிதனையும் பழியோடு நிறுத்திவிடுகிறது. பிறர்மீது பழியேற்றும் விளக்கமும் ஏற்கத்தக்கதன்று.

மூன்றாவது, கேட்பவரின் இரட்டைப் பொறுப்பு. ஆற்றுப்படுத்துநர் அதே சபையின் அல்லது ஊர்ச்சமூகத்தின் அதிகாரமுடையவராக இருப்பின், சொன்னது எங்கே செல்லும் என்பதைக் கேட்டுத் தெளிவது துயருற்றவரின் உரிமை. மந்தணத்திற்கு வரம்பு இருக்குமாயின் அவ்வரம்பு முன்னரே சொல்லப்பட வேண்டும்.

நான்காவது, மருத்துவத்தோடு நட்பு. சோழர் ஆதுலர்சாலை முதல் குணசீலம் வரை இம்மரபில் மருந்து விலக்கப்படவில்லை. மருந்தை நிறுத்துமாறு கூறுபவர் தம் மரபையே மீறுகிறார். உறக்கமின்மை நீடித்தல், பிறர்க்குக் கேளாத குரல் கேட்டல், தன்னுயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவை தோன்றும்போது உடனே மருத்துவரிடம் அனுப்புபவரே பொறுப்புள்ள ஆற்றுப்படுத்துநர்.

ஐந்தாவது, விடைபெறும் உரிமை. காலவெல்லை தெரிந்திருத்தல், உறவினர் உடனிருத்தல், விரும்பும்போது வெளியேற இயலுதல் ஆகிய மூன்றும் இல்லாத இடம் எச்சமயத்தின் பெயரைத் தாங்கினும் ஏர்வாடியின் வகையைச் சார்ந்தது.

முடிவுரை

காவிரிப் படுகையின் சமயத் தலங்கள் மனத்துயருற்றோரை ஏற்ற வரலாறு ஒரே சீரானதன்று. தொன்மங்கள் துன்பத்திற்கு மனிதனுக்கு வெளியே உருவம் தந்தன. தரங்கம்பாடியும் வேளாங்கண்ணியும் தனித்த உரையாடலையும் மந்தணத்தையும் சேர்த்தன. கூடவே அதிகாரச் சிக்கலையும் கொணர்ந்தன. சத்திரங்கள் நோயாளியை விருந்தினராக ஏற்றன. குணசீலம் தங்கலுக்கு நாளெல்லை வகுத்து, பின்னர் மருத்துவத்தோடும் சட்டத்தோடும் இணைந்தது. ஏர்வாடியில் இக்கூறுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது 28 உயிர்கள் மடிந்தன.

எனவே சமயம்சார் உதவி நல்லதா தீயதா என்னும் பொதுவினாவைவிட, எந்த உடன்பாட்டின்மேல் அது தொடங்குகிறது என்னும் வினாவே ஆய்வுக்கும் வாழ்வுக்கும் பயனுடையது. தலங்களின் தங்கல் முறைகள், அங்குப் பேணப்படும் வருகைப் பதிவுகள், சத்திரங்கள் தொடர்பான மோடி ஆவணங்கள், தரங்கம்பாடி உபதேசியார் குறிப்புகள் ஆகியவற்றை இவ்வினாவோடு அணுகும் விரிவான ஆய்வுகள் மேற்கொள்ளப்படுமாயின், தமிழகத்தின் உளநல வரலாறு மருத்துவமனைகளின் வரலாறாக மட்டும் சுருங்காமல் முழுமை பெறும்.